ஒரு மணி நேரமா, ஒரு ராத்திரியா?

மேட்டூரிலிருந்து சென்னைக்கு சாலை வழியே 350 கிலோ மீட்டருக்கு மேல். ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலையில் இறங்கலாம். ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரே மணி நேரம்! ஆனால், விமானம் இருக்க வேண்டுமே?

1993-ல் அங்கே சேலம் விமான நிலையம் வந்தது. என்.இ.பி.சி. கொஞ்ச காலம் பறந்தது. போதிய ஆள் சேரவில்லை, நிறுத்திவிட்டார்கள். பல வருஷ மௌனத்துக்குப் பிறகு, 2009 நவம்பரில் கிங்ஃபிஷர். 2012-ல் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது! 2018 மார்ச்சில், சில சீட்டுகளுக்குக் கட்டண உச்சவரம்பு வைத்த 'உடான்' திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் இண்டிகோ.

இத்தனைக்கும் ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. பயண நேரம் மட்டும் சுருங்கிச் சுருங்கி நீண்டது. ஓடுபாதை போட்டால் போதாது. தினமும் சீட்டு நிரம்ப வேண்டும்!