அறுபது நிமிடமும் அதற்குப் பிறகும்

எஸ்கேப் ரூம் விளையாட்டு நம் தலைமுறையைவிட வயதில் சின்னது. 2004இல் தோஷிமிட்சு தக்காகி என்ற ஜப்பானியர் இணையத்தில் ‘கிரிம்சன் ரூம்’ என்றொரு ஃப்ளாஷ் விளையாட்டை வெளியிட்டார். சிவப்பு அறை, ஒரு கட்டில், சில இழுப்பறைகள், பூட்டிய கதவு. அவ்ளோதான். மவுஸால் எதையெதையோ சொடுக்கி வெளியே வரவேண்டும். மூன்று வருஷம் கழித்து, 2007இல், கியோத்தோவைச் சேர்ந்த தக்காவோ கட்டோ இந்த மாதிரி விளையாட்டுகளைத் திரையிலிருந்து எடுத்து நிஜ அறைக்குள் வைத்தார். நாலைந்து பேர் உள்ளே போவார்கள், கதவு சாத்தப்படும், கடிகாரம் ஓடும். 2011இல் புடாபெஸ்ட்டில் ‘பாராபார்க்’ என்ற இடம் திறந்தது. அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம் பக்கம் சிங்கப்பூர், கோலாலம்பூர் மால்கள் என்று வந்து, பிறகு மலாக்கா மாதிரி சுற்றுலா ஊர்களின் மாடிக்கடைகளுக்கும் ஏறியது. 2015இல் ஸ்காட் நிக்கல்சன் என்ற ஆய்வாளர் பல நாடுகளில் 175 இடங்களை விசாரித்து ஓர் அறிக்கை எழுதினார். பெரும்பாலும் அறுபது நிமிட விளையாட்டு. உள்ளே போகும் குழுக்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்குதான் நேரத்துக்குள் வெளியே வருகின்றன.

இன்று எந்த ஊர் எஸ்கேப் ரூமுக்குப் போனாலும் பட்டியல் ஒன்றுதான். எகிப்தியக் கல்லறை, கைவிடப்பட்ட மருத்துவமனை, வங்கிக் கொள்ளை, கடற்கொள்ளையர் கப்பல், சிறைச்சாலை. உள்ளூர் மணம் வேண்டும் என்றால் ஒரு பொந்தியானாக். கல்லறையைத் திறக்க எகிப்துக்குப் போகவேண்டிய தேவை மலாக்காக்காரனுக்கு ஏன் வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. பூட்டு, கோட்டை, கைதி, வேலி என்று எடுத்துக்கொண்டால் இந்த ஊரிடம் ஐந்நூறு வருஷச் சரக்கு இருக்கிறது. அதில் பாதியிலாவது தமிழர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முன் அறையின் உள்வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். என் தொழிலும் அதுதான். நீங்கள் பழைய புத்தகத்தைச் சரியான இடத்தில் வைத்ததும் அலமாரி தானாகத் திறந்தால், புத்தகத்துக்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது, தட்டுக்கு அடியில் ஒரு ரீட் சுவிட்ச் இருக்கிறது என்று அர்த்தம். அது ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்குச் செய்தி சொல்லும், அது மின்காந்தப் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும். இந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் கதவு திறந்துவிடும். தீ எச்சரிக்கை மணியோடு இணைத்துவிட்டால் மணி அடித்ததும் எல்லாக் கதவும் திறக்கும். வெளியே ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார், ரொம்பத் திணறினால் துப்பு கொடுப்பார். ஒழுங்காகக் கட்டிய அறையில் நீங்கள் உண்மையில் ஒரு நொடிகூட அடைபட்டிருப்பதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அது உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2019 ஜனவரி 4 காட்டியது. போலந்தின் கோஷாலின் நகரத்தில் பிறந்தநாள் கொண்டாடப் போன ஐந்து சிறுமிகள், எல்லோருக்கும் பதினைந்து வயது, எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து இறந்துபோனார்கள். வெளியே வர வழியிருக்கவில்லை. அதன் பிறகு அந்த நாடு முழுக்கச் சோதனை நடத்திப் பல இடங்களை மூடினார்கள். பொம்பா ஆட்கள் கேட்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

இப்போது மலாக்காவுக்கு வருவோம். ஊரின் அடையாளமாக எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிற ‘போர்ட்டா டி சந்தியாகோ’ ஒரு கதவு. வாசல் மட்டும் இருக்கிறது, கோட்டை இல்லை. 1511இல் போர்த்துக்கீசியர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையை 1807இல் ஆங்கிலேயர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். தகர்த்தது போக மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். அந்தக் கோட்டை எழும்புவதற்கு இரண்டு வருஷம் முன்பு, இதே ஊரில் ஓர் அடைப்பும் ஒரு தப்பித்தலும் நடந்தன. மலாக்காத் தமிழனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய கதை, நம்மில் பலருக்குத் தெரியாது.

1509 செப்டம்பரில் தியோகோ லோபஸ் டி செக்கெய்ராவின் கப்பல்கள் மலாக்காவுக்கு வந்தன. போர்த்துக்கீசியர்கள் இந்தத் துறைமுகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதலில் வரவேற்பு, பிறகு சந்தேகம், கடைசியில் மோதல். செக்கெய்ரா தப்பி ஓடினார். கரையில் இருந்த சுமார் இருபது பேர் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ரூய் டி அராவுஜோ. சுல்தான் மஹ்மூத் ஷாவின் ஊரில், மொழி தெரியாத கைதிகள்.

அவர்களுக்குக் கைகொடுத்தவர் ஓர் இந்து வணிகர். ‘கெலிங்’ என்று அன்று அழைக்கப்பட்ட சோழமண்டலக் கரை வணிகர்களில் பெரிய தலை. (அந்தச் சொல் பின்னாளில் வசையாகிப்போனது வேறு கதை.) போர்த்துக்கீசியர்கள் அவர் பெயரை ‘நீனா சத்து’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நயினா என்பதும் செட்டி என்பதும் இதற்குள் நசுங்கிக் கிடக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கைதிகளைக் கவனித்துக்கொண்டார். அதைவிட முக்கியமாக, அவர்கள் எழுதிய கடிதத்தை வெளியே அனுப்ப உதவினார். 1510 பிப்ரவரி 6 தேதியிட்ட அராவுஜோவின் கடிதம் இந்தியாவில் இருந்த அல்போன்சோ டி அல்புகர்க்கியிடம் போய்ச் சேர்ந்தது. ஊரின் நிலைமை, பலம், எவ்வளவு பெரிய படையோடு வரவேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. எஸ்கேப் ரூம் பாஷையில் சொன்னால், வெளியே இருக்கும் ஆளுக்கு உள்ளிருந்து துப்புப் போனது.

1511 ஜூலையில் அல்புகர்க்கி வந்தார். கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். இந்த இடத்தில் டைமரை நிறுத்தினால் அருமையான விளையாட்டு. படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் அல்புகர்க்கி கைதிகளுக்காக மட்டும் வரவில்லை. ஆகஸ்ட்டில் ஊரையே பிடித்தார். நீனா சத்துவைத் தன் சமூகத்துக்கான பெண்டஹாராவாக நியமித்தார். புது ஆட்சியோடு சேர்ந்து அவர் பெரிய வணிகம் செய்தார், கப்பலில் பங்கு போட்டார். மூன்று வருஷம்தான். 1514இல் போர்த்துக்கீசியர்கள் அந்தப் பதவியைக் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். அவமானம் தாங்காமல் நீனா சத்து சந்தனக் கட்டையும் அகிலும் அடுக்கிச் சிதை மூட்டி, நல்ல உடை உடுத்தி, கூடியிருந்தவர்களிடம் தான் செய்ததையெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டு நெருப்பில் இறங்கினார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எழுதியது யாருடைய கை என்பதை மறந்துவிடாமல் படிக்கவேண்டும். தங்கள் நன்றிகெட்டத்தனத்தை அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள் என்பதால் நான் இதைக் கொஞ்சம் நம்புகிறேன்.

அவர் துரோகியா, இரக்கமுள்ளவரா? மலாய்க்கார நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் கவனமாகத்தான் சொல்வேன். இருபது பேருக்குக் கதவைத் திறந்த சாவி ஊருக்கும் பொருந்திவிட்டது. அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்ததா என்று எந்த ஆவணத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நம் பள்ளிப் பாடத்தில் இப்படி ஒருவர் இருந்தாரென்றே நான் படித்த ஞாபகம் இல்லை.

நானூறு வருஷத்தைத் தாண்டுவதற்கு முன் இடையில் ஒரு வரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து தண்டிக்கப்பட்டவர்களை ஆங்கிலேயர்கள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்குக் கப்பலேற்றினார்கள். சாலை, பாலம், கட்டடம் எல்லாம் அவர்கள் வேலை. அந்தச் சிறைகளைப் பற்றி மேக்நேர் என்ற அதிகாரி 1899இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே ‘கைதிகளே தங்களுக்குக் காவலர்கள்’ என்று அர்த்தப்படும். நன்னடத்தையுள்ள கைதியை மற்ற கைதிகளுக்குக் காவல் வைத்தார்கள். தோட்டத்துக் கங்காணி முறையைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

1896இல் தான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறோம். அதன் பிறகு புக்கிட் அசஹான், ஜாசின், அலோர் காஜா என்று தீம்பார் விரிந்தது. ஆள் வேண்டும், தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். ஒப்பந்தக்கூலி முறையில் வந்தவன் காலக்கெடு முடிவதற்குள் தோட்டத்தை விட்டுப் போனால் அது வேலையை விட்டது ஆகாது, குற்றம். பிடித்தால் அபராதமோ சிறையோ. அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் சட்டப்படிப் பூட்டு தளர்ந்தது, ஆனால் முன்பணக் கடன், ஊர்க்காரன் என்ற கட்டு, முதலாளிக்குச் சொந்தமான லயம் என்று வேறு பூட்டுகள் இருந்தன. மின்காந்தப் பூட்டு மாதிரி இவை கரண்ட் போனால் திறப்பவை அல்ல.

இதற்குப் பிறகு வந்தது நிஜ வேலி. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம். காட்டோரம் குடியிருந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளிகளின் லயங்களையும் ஓரிடத்தில் குவித்துக் கம்பிவேலி போட்டார்கள் என்பது இந்தப் பேச்சில் அடிக்கடி விட்டுப்போகிறது. காட்டில் இருந்த கெரில்லாக்களுக்குச் சோறு போகக்கூடாது என்பதுதான் கணக்கு. அரிசிக்கு ரேஷன், இரவில் ஊரடங்கு, வாசலில் உடம்பைத் தடவிச் சோதனை. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்கவேண்டும், சேமித்து வைக்க முடியாதபடி. பால்வெட்டுக்குப் போகிறவர் சோறு எடுத்துப்போகக்கூட யோசிக்கவேண்டும். ரப்பர் மரம் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகப் பால் விடும். வேலிக் கதவு தாமதமாகத் திறந்தால் வெயில் ஏறி வாளியில் பால் குறையும். பூட்டின் விலையைத் தொழிலாளிதான் கட்டினார். என் பாட்டி அப்போது சின்னப் பிள்ளை. அவருக்கு ஞாபகம் இருப்பது துப்பாக்கி இல்லை, தன் அம்மாவின் முந்தானையை யாரோ அவிழ்த்துப் பார்த்தது.

1953 செப்டம்பர் 3 அன்று ஹைகமிஷனர் ஜெரால்ட் டெம்ப்ளர் மலாக்காவின் ஒரு பகுதியை ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்தார். மலாயாவிலேயே முதல் வெள்ளைப் பகுதி. ஊரடங்கு இல்லை, உணவுக் கட்டுப்பாடு இல்லை. ஒத்துழைத்தால் உங்களுக்கும் இது கிடைக்கும் என்று மற்ற இடங்களுக்குக் காட்டுவதற்கான பரிசு அது. கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு என்று தொழில்ரீதியாக ஒப்புக்கொள்கிறேன்: புதிரை அவிழ்த்தவனுக்குக் கதவு திறக்கும். விதியை எழுதியவரும் பூட்டைப் போட்டவரும் ஒரே ஆள் என்பது மட்டும்தான் பிரச்சனை. இந்தத் தேதிக்கு மலாக்காவில் நான் பார்த்தவரை ஒரு பலகைகூட இல்லை. சுதந்திரப் பிரகடன நினைவகம், சமுதேரா அருங்காட்சியகம், சிறை அருங்காட்சியகம் எல்லாம் இருக்கும் ஊர் இது.

ஒரு நண்பன் சொந்தமாக எஸ்கேப் ரூம் திறக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறான். “ஒரு லயம் செட் போடலாம்டா, நம்ம கதையா இருக்கும் லா” என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரட்டு மணி, கரி படிந்த சுவர், பக்கத்தில் ஒரு பால்வாளி, அதற்குள் சாவி. வெளியே வந்ததும் குழுப் படம். அந்தச் செட்டில் நம் வரலாறு இல்லை, அதன் சாமான்கள் மட்டும் இருக்கின்றன. எஸ்கேப் ரூமில் கதவு திறந்ததும் கதை முடிந்துவிடும். தோட்டத்தில் அங்கேதான் ஆரம்பிக்கும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள், வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் எழுதியது அதைத்தான். அப்போது கதவு அகலத் திறந்துதான் கிடந்தது, போவதற்குத்தான் இடமில்லை. வேலை போனதும் வீடும் போனது. எண்பது, தொண்ணூறுகளில் மிச்சத் தோட்டங்கள் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் ஆனபோது அதே கதை இன்னொருமுறை நடந்தது.

நண்பனிடம் நான் சொன்னது இரண்டு. ஒன்று, நீனா சத்துவை வைத்து ஓர் அறை செய். ஆனால் கைதியாக விளையாடவிடாதே, கடிதத்தைக் கொண்டுபோகிறவராக விளையாடவிடு. கடிதத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது ஆட்டக்காரர் முடிவாக இருக்கட்டும். இரண்டு, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். துண்டாடலில் சிக்கிய தொழிலாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி, தாங்கள் வேலை செய்த தோட்டத்தைத் தாங்களே வாங்கலாம் என்ற யோசனை. அந்தச் சங்கத்தின் பிந்தைய வருஷங்களைப் பற்றி நல்லதும் கெட்டதுமாகப் பேச நிறைய இருக்கிறது. ஆனாலும், யாரோ ஒளித்துவைத்த சாவியைத் தேடாமல் ஆளுக்குக் கொஞ்சம் இரும்பு போட்டு அடித்த சாவி அது ஒன்றுதான்.

முதல் யோசனை அவனுக்குப் பிடித்தது. இரண்டாவதைக் கேட்டுவிட்டு, “ஆயிரக்கணக்கான பேரு, மாசா மாசம் பத்து வெள்ளி. இத எப்படிடா ஒரு மணி நேரத்துல விளையாடுறது?” என்றான். நியாயமான கேள்வி. இருவரும் இன்னும் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.