மலைப்பண்ணை: வீடு இருக்கிறது, சனம் எங்கே?

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில், ஒக்கோனாலுஃப்டீ ஆற்றங்கரையில் 'மலைப்பண்ணை அருங்காட்சியகம்' எண்டு ஒன்று இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிகளும் மின்விளக்குகளும் உள்ள மியூசியம் இல்லை. வெட்டவெளியில் ஒரு மரவீடு, மாட்டுக்கொட்டில், சோளக் களஞ்சியம், இறைச்சிப் புரை, கோழிக்கூடு, கொல்லன் பட்டறை, இவற்றுக்கு நடுவே மரக்கறித் தோட்டம், சுற்றிவர மரவேலி. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் இது இருப்பதால் நுழைவுக் கட்டணமும் இல்லை.

அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனால் அங்கே என்ன இருக்கு எண்டு பார்ப்பதோடு, என்ன இல்லாமல் போனது எண்டும் ஒருக்கா கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நாங்கள் இரண்டையும் செய்து பார்க்கிறோம்.

முதலில் வீடு. சுமார் 1900இல் ஜோன் டேவிஸ் என்ற விவசாயி கட்டியது. செஸ்ட்நட் மரக்குற்றிகளை நடுவால் பிளந்து, ஒரு பாதியை ஒரு சுவரிலும் மறுபாதியை எதிர்ச் சுவரிலும் வைத்திருக்கிறார். கட்டி முடிக்க இரண்டு வருசம் எடுத்ததாம். புகைபோக்கிக்கான கற்களை மாடு பூட்டிய சறுக்குவண்டியில் இழுத்து வந்தவர்கள் அவருடைய எட்டு வயது மகனும் நாலு வயது மகனும். மலைப்பண்ணையில் வீட்டுக்குள் இருக்கிற எல்லாருமே வேலைக்காரர்தான், குழந்தைகள் உட்பட.

இந்தச் சுவர்களுக்கே தனியாக ஒரு வரலாறு உண்டு. செஸ்ட்நட் அந்த மலைச் சனங்களின் கற்பகதரு எண்டே சொல்லலாம். மரம் லேசில் உக்காது. விழுகிற கொட்டைகளைத் தின்று பன்றிகள் கொழுக்கும். மிச்சத்தைப் பொறுக்கிச் சந்தையில் விற்றால் கையில் காசு. 1904இல் நியூயோர்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சண நோய் மெதுமெதுவாகத் தெற்கே பரவி, 1920களில் இந்த மலைகளுக்கும் வந்தது. 1940கள் முடிவதற்குள் பெருமரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே பட்டுப்போயின. டேவிஸின் வீட்டைப்போல ஒரு வீட்டை இனிக் கட்ட நினைத்தாலும் மரம் இல்லை.

வளவைச் சுற்றி வந்தால் இந்த வாழ்க்கை எவ்வளவு கணக்குப் பார்த்து நடந்தது எண்டு விளங்கும். இறைச்சிப் புரை வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது. குளிர் தொடங்கியதும் அடித்த பன்றியின் இறைச்சியை உப்பிட்டோ புகையூட்டியோ வைத்தால்தான் வருசம் முழுக்கச் சாப்பாடு. தடித்த சுவர்களோடு கட்டிய அப்பிள் புரை, குளிரிலும் வெயிலிலும் பழங்களைக் காக்கும். ஊற்றுத் தண்ணீரின் மேல் கட்டிய சிறு கொட்டில்தான் அவர்களின் குளிர்சாதனப் பெட்டி, பாலும் வெண்ணெயும் அங்கேதான். உள்ளே கோறையான மரக்குற்றியை நிமிர்த்தி வைத்தால் தேன்கூடு. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரநீரைக் கொழுப்போடு காய்ச்சினால் சவர்க்காரம். அரை மைல் தள்ளி 1886இல் கட்டிய மிங்கஸ் ஆலை இருக்கிறது. சோளம் அங்கேதான் மாவாகும்.

இவ்வளவும் பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. 'அந்தக் காலத்துச் சனம் எவ்வளவு எளிமையாக வாழ்ந்தது!' எண்டு ஒரு பெருமூச்சு விட்டுட்டுத் திரும்பி வந்துவிடலாம். ஆனால் இப்படி ஒரு பண்ணை இந்த இடத்தில் இருந்ததே இல்லை. மாட்டுக்கொட்டில் மட்டும்தான் இந்தப் பக்கத்துக்குச் சொந்தமானது. மற்றக் கட்டடங்களைப் பூங்காவின் வெவ்வேறு பள்ளத்தாக்குகளில் கழற்றிக் கொண்டுவந்து 1950களில் இங்கே பொருத்தினார்கள். வெவ்வேறு குடும்பங்களின் வீடும் புரையும் பட்டறையும் சேர்ந்து, ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு பண்ணையாகி நிற்கின்றன. அப்படியென்றால் அந்தக் குடும்பங்கள் எங்கே?

அமெரிக்காவின் மேற்கிலுள்ள பெரிய தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் அரசாங்கக் காணியில் உருவானவை. ஸ்மோக்கி மலையில் நிலைமை வேறு. இங்கே 6,000க்கும் மேற்பட்ட காணித் துண்டுகளை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. பெரும்பரப்பு மரக் கம்பனிகளிடம் இருந்தது. அவர்கள் வெட்டித் தள்ளிய வேகத்தைப் பார்த்தால் காட்டைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் பொய்யில்லை. ஆனால் மிச்சக் காணிகளில் ஆக்கள் குடியிருந்தார்கள், தேவாலயமும் பள்ளிக்கூடமும் மயானமும் இருந்தன. இரு மாநிலங்களும் காசு சேர்த்தன, பள்ளிப் பிள்ளைகள்கூடச் சில்லறை கொடுத்தார்கள். 1928இல் றொக்பெல்லர் குடும்பத்து நிதியம் 50 இலட்சம் டொலர் தந்தது. 1934இல் பூங்கா நிறுவப்பட்டது. 1940 செப்டெம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

விற்க விரும்பாதவர்களின் காணியை அரசு சட்டப்படி சுவீகரித்தது. ரெனசிப் பக்கத்துக் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் ஜோன் ஒலிவர் என்பவர் வருசக்கணக்காக நீதிமன்றத்தில் போராடிப் பார்த்தார். தோற்று, 1937இல் வெளியேறினார். லிட்டில் கிரீன்பிரையரில் வாழ்ந்த வோக்கர் சகோதரிகள் ஐவரும் கடைசியில் விற்றார்கள், ஆனால் சாகும்வரை அங்கேயே இருக்கலாம் என்ற நிபந்தனையோடு. இருக்கலாம்தான், ஆனால் வேட்டையாடக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது. பண்ணைக்காரர் எண்டால் செய்கிற எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, பண்ணையில் இருக்க விட்டார்கள். அவர்களைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்க, சகோதரிகள் கைவேலைப் பொருட்களை விற்றார்கள். உயிரோடு இருக்கும்போதே அவர்கள் காட்சிப்பொருளாகிவிட்டார்கள். கடைசிச் சகோதரி 1964இல் இறந்தார்.

எல்லா வீடும் காப்பாற்றப்படவுமில்லை. 1900களின் தொடக்கத்தில் மலைச் சனங்கள் பலர் மரக்குற்றி வீட்டை விட்டு, அரிந்த பலகையில் பெயின்ற் அடித்த வீடுகளுக்கு மாறியிருந்தார்கள். பூங்கா நிர்வாகம் கேட்ஸ் கோவில் அப்படியான வீடுகளை அநேகமாக இடித்தது, பழைய மரக்குற்றி வீடுகளை வைத்துக்கொண்டது. 'முன்னோடிகளின் வாழ்க்கை' எண்டு காட்ட அவைதானே பொருத்தம்! விளைவு, இருபதாம் நூற்றாண்டில் எல்லாரையும்போல வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சமூகம், பார்ப்பவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நின்றுபோன சமூகமாகத் தெரிகிறது. காலத்தால் பின்தங்கிய ஆக்கள் எண்டு தெரிந்தால், அவர்களை எழுப்பியதும் பெரிய அநியாயமாகத் தெரியாது. எந்தப் பழமையைக் காப்பாற்றுவது என்ற முடிவுக்குள்ளும் அரசியல் இருக்கிறது எண்டு நாங்கள் சொல்வது இதைத்தான்.

இன்னும் பின்னுக்குப் போக வேண்டும். ஒக்கோனாலுஃப்டீ என்ற பெயரே செரோக்கி மொழியிலிருந்து வந்தது. 1830இல் நிறைவேறிய பழங்குடியினர் அகற்றல் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1838இல் சுமார் 16,000 செரோக்கி மக்கள் மேற்கே துரத்தப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அதைத்தான் 'கண்ணீர்ப் பாதை' என்கிறார்கள். இந்த ஆற்றோரத்துச் செரோக்கிகளில் ஒரு பகுதியினர் மட்டும் தப்பி நின்றார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பண்ணைக்கு அடுத்த ஊரில்தான் வாழ்கிறார்கள். பூங்காவின் மிக உயரமான சிகரத்துக்கு 'குவோஹி' என்ற அவர்களின் பழைய பெயர் 2024இல்தான் திரும்பிக் கிடைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறிய வெள்ளையர்களில் சிலர் கறுப்பின மக்களை அடிமைகளாகவும் வைத்திருந்தார்கள். டேவிஸின் வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தால் இவை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஆக, ஒருமுறை துரத்தியவர்களின் காணியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பிறகு தாங்களும் எழுப்பப்பட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஒரு பகுதியினர் இராணுவத்தால் துரத்தப்பட்டார்கள், மற்றவர்களுக்கு விலையாவது கிடைத்தது. வித்தியாசத்தை மறக்காமலே இரண்டு கதையையும் சேர்த்துப் படிக்கலாம். இடம்பெயர்வு எண்டால் என்ன எண்டு நமக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

பூங்காவின் தென்புறத்தில் இந்தக் கதை அண்மைக்காலம் வரைக்கும் இழுபட்டது. 1940களில் ஃபொன்டானா அணை கட்டப்பட்டபோது பழைய வீதி தண்ணீருக்குள் போனது. சனங்கள் எழும்பிய ஊர்களுக்கும் மயானங்களுக்கும் போகப் புது வீதி போட்டுத் தருவதாக 1943இல் அரசு ஒப்பந்தம் செய்தது. சில மைல்களும் ஒரு சுரங்கப்பாதையும் போட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். உள்ளூர்ச் சனம் அதற்கு 'எங்கும் போகாத வீதி' எண்டு பெயர் வைத்தது. 2010இல் வீதிக்குப் பதிலாக 520 இலட்சம் டொலர் நட்டஈடு தருவதாக உடன்பாடு வந்தது. வீதி கடைசிவரைக்கும் வரவில்லை. எழுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருசாவருசம் படகில் ஏரியைக் கடந்து, மலையேறி, கல்லறைகளைத் துப்புரவாக்கிப் பூ வைத்து, கொண்டுபோன சாப்பாட்டை அங்கேயே பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். மலைப்பண்ணையைப் பார்க்கப் போகிற ஆக்கள் இந்த மயானங்களைப் பற்றியும் கேட்டு அறிந்துகொண்டு வந்தால் நல்லது.