இளம்பிள்ளைவாத வைரஸ் மூளைக்கு மருந்தான கதை

கன்னத்தை லேசாக அழுத்தி வாயைத் திறக்கவைத்து, நாக்கில் இரண்டு சொட்டு. அப்புறம் சுண்டுவிரல் நகத்தில் மையால் ஒரு கோடு. பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் பழகிய காட்சி. அந்தச் சொட்டில் இருப்பது ஆல்பர்ட் சேபின் வலுக்குறைத்துத் தந்த, உயிருள்ள போலியோ வைரஸ். அதே வைரஸைக் கொஞ்சம் மாற்றி, மண்டையோட்டில் துளையிட்டு, மூளைப் புற்றுக்கட்டிக்குள் செலுத்துகிறார்கள் என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. காலில் இரும்புக் காலிபர் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்த வைரஸை மூளைக்குள்ளேயே விட ஒருவருக்கு எப்படி மனம் துணிந்தது?

துணிந்தவர் மத்தியாஸ் கிரோமையர், ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வாளர். 1990களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், போலியோ வைரஸ் ஆராய்ச்சியில் பெரிய பெயரான எக்கார்ட் விம்மரின் ஆய்வகத்தில் இருந்தார். அங்கே அவர் முன் இருந்தது புற்றுநோய்க் கேள்வி இல்லை. இந்த வைரஸ் ஏன் நரம்பணுவைத் தேடிப்போய் அழிக்கிறது என்பதுதான்.

பதில் இரண்டு படிகளில் இருந்தது. முதலாவது, வாசல். சிடி155 என்ற புரதம் எந்த அணுவின் மேல் இருக்கிறதோ, அதற்குள் வைரஸ் நுழையும். இரண்டாவது, உள்ளே போன பிறகு அணுவின் புரதத் தொழிற்சாலையைத் தன் வேலைக்கு இழுப்பது. இதற்கென்றே வைரஸின் மரபிழையில் ஒரு துண்டு இருக்கிறது. கிரோமையரும் விம்மரும் சகாக்களும் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, சாதாரண ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸின் துண்டை அங்கே பொருத்தினார்கள். சளி வைரஸின் பேச்சு நரம்பணுவில் எடுபடாது. புதிய வைரஸ் நரம்பணுவுக்குள் போகும், ஆனால் பெருக முடியாமல் அடங்கிவிடும். 1996இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

சிடி155 வாசல் புற்றணுக்களின் மேல் மலிந்து கிடந்தது. அங்கே சளி வைரஸின் பேச்சும் எடுபட்டது. மூளைப் புற்றுகளிலேயே மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமாவுக்கு இதை மருந்தாக்கலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பிறந்தது. கிரோமையர் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பாதுகாப்பானது என்று குரங்குகளில் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. ஆண்டுகள் ஓடின. மனிதருக்குக் கொடுக்க 2011இல்தான் அனுமதி கிடைத்தது.

மருந்தைச் செலுத்தும் விதத்தைக் கேளுங்கள். மண்டையோட்டில் சிறு துளை. அதன் வழியே கட்டியின் நடுவுக்கு ஒரு மெல்லிய குழாய். மணிக்கு அரை மில்லி வீதம் ஆறரை மணி நேரம் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். மொத்தமும் சேர்த்தால் ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. நோயாளி விழித்தபடிதான் இருப்பார்.

2012 மே மாதம் முதன்முதலாக அப்படிப் படுத்திருந்தது ஒரு நர்சிங் மாணவி. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கட்டி திரும்ப வந்திருந்தது. வைரஸ் செலுத்திய சில வாரங்களில் எடுத்த ஸ்கேனில் கட்டி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. தோற்றுவிட்டோம் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அது வளர்ச்சி இல்லை, வீக்கம். உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே குவிந்துகொண்டிருந்தன. மாதங்கள் போகப்போகக் கட்டி சுருங்கியது. ஆறு ஆண்டு கழித்து ஆய்வு முடிவு வெளிவந்தபோது அவர் உயிரோடு இருந்தார். படிப்பை முடித்து நர்ஸாகியிருந்தார்.

இந்த மருந்தை நோயெதிர்ப்பு சிகிச்சை என்று சொல்வதற்குக் காரணம் அந்த வீக்கம்தான். கட்டியை வைரஸ் நேரடியாகக் கொல்லும் என்று தொடங்கிய கதை இது. நடந்ததோ வேறு. கிளியோபிளாஸ்டோமா தன்னைச் சுற்றியுள்ள நோயெதிர்ப்பு அணுக்களை மயக்கி வைத்திருக்கும். வைரஸ் நுழைந்ததும் அபாய மணி அடித்த மாதிரி அவை விழித்துக்கொள்கின்றன. எதிரில் இருக்கும் புற்றும் அவற்றின் கண்ணில் படுகிறது. அதனால் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதும் பலிக்கவில்லை. மிக அதிக அளவு கொடுத்தபோது, குழாயை எடுக்கும் நேரத்தில் ஒரு நோயாளிக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. பிறகு அளவைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும், வீக்கத்தை அடக்கப் பலருக்கு ஸ்டீராய்டு நீண்ட நாள் தேவைப்பட்டதால், இன்னும் இறக்கினார்கள்.

2018இல் வந்த முடிவை அப்படியே சொல்ல வேண்டும், கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை. நோய் திரும்பிய 61 பேருக்குச் சிகிச்சை. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 21 சதவீதம். மூன்று ஆண்டு கழித்தும் அதே 21. ஒப்பிட எடுத்துக்கொண்ட பழைய நோயாளிகளில் முதலில் 14, பிறகு 4. பெரும்பாலானோரைக் காப்பாற்ற முடியவில்லை. மருந்து இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆனாலும் 4க்கும் 21க்கும் நடுவில் இருப்பவர்கள் யாரோ ஒருவரின் அம்மா, யாரோ ஒருவரின் மகன்.

குழாயை இறக்குவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு அந்த நோயாளிகளுக்கு ஒரு போலியோ தடுப்பூசி போட்டார்கள், பாதுகாப்புக்காக. 2023இல் டியூக் குழு எலிகளில் கண்டது வேறொன்று: போலியோ தடுப்பு மருந்தை நினைவில் வைத்திருக்கும் டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் வந்து, புற்றைத் தாக்கும் மற்ற அணுக்களுக்குத் துணை நிற்கின்றன.