ரங்கன் வாத்தியார்

2021 ஜூலையில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது கொரோனாவால் தியேட்டர்கள் மூடிக் கிடந்தன. பந்தலூரில் ஆடி மழை. பேரனின் செல்போனில்தான் பார்த்தேன்.

"இது நிஜக் கதையா தாத்தா?" என்றான். பாத்திரங்கள் கற்பனை, பரம்பரைகள் நிஜம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த குத்துச்சண்டையை வட சென்னையின் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் தமதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்தன. சார்பட்டாவின் கித்தேரி முத்து பெயர் பெற்ற வீரர். 1980இல் முகமது அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பரம்பரை என்றால் இங்கே ரத்த உறவு மட்டும் அல்ல, வாத்தியார் வழி. ஒருவரிடம் கற்றவன் அவர் பெயரைச் சுமந்துதான் மேடை ஏறுவான். அவன் தோற்றால் தெருவில் தலைகுனிவது வாத்தியார்.

படத்தின் ரங்கன் வாத்தியார் (பசுபதி) தி.மு.க.காரர். 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது சரித்திரம். படத்தில் அதே சமயம் போலீஸ் வந்து, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே வாத்தியாரை மிசாவில் கொண்டுபோகிறது. சீடன் கபிலன் அவமானப்பட்டு, குடித்துச் சீரழிகிறான். கடைசியில் அவனை எழுப்பி நிறுத்துவது பீடி ராயப்பன் என்ற இன்னொரு பழைய வீரர். கடலும் மணலும்தான் பயிற்சிக்கூடம்.

அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன். நெருக்கடி நிலைக் காலத்தில் இங்கே டான்டீ லைன்களில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிக்கொண்டிருந்தன. பின்னாளில் அப்படியொரு லைன் வீட்டுப் பையன் என்னிடம் ஓடப் பழகினான். வெறுங்காலில் மேட்டில் ஏறினாலும் மூச்சு வாங்காது. ஒருநாள் அவன் அம்மா வந்து, "வேலைக்கு அனுப்பணும் சார்" என்றார். கபிலனின் தாய் பாக்கியம் போலவே பயந்த முகம். "சரிம்மா" என்று விட்டுவிட்டேன். ஒருமுறைகூட அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ராயப்பன் கபிலனைத் தேடிப் போகவில்லை. தேடி வந்தவனைத் திருப்பி அனுப்பவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையனை இப்போதும் சந்தையில் பார்ப்பேன். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "வணக்கம் சார்" என்பான். அந்த 'சார்' எனக்கு வலிக்கும்.