கீழக்கரை

கீழக்கரை: இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள துறைமுக வணிக நகர், தற்போது நகராட்சி. இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் ஆட்சிப்பகுதிக்குள் அடங்கியிருந்தது. முத்துக்குளிப்பும் சங்குக்குளிப்பும் இதன் பழந்தொழில்கள். கிழவன் சேதுபதி காலத்தில் (1674–1710) தமிழ் முஸ்லிம்களான மரக்காயர் வணிகர் செல்வாக்குப் பெற்றனர்; அவர்களுள் தலையாயவர், உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி. 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சேதுபதிகளுடன் உடன்படிக்கைகள் செய்து, 18-ஆம் நூற்றாண்டில் இங்குப் பண்டகசாலை நடத்தினர். துணியும் சங்கும் கொள்முதல் செய்தனர். எனினும் நகரின் இயல்பை உருவாக்கியவர்கள் மரக்காயர்களே. இங்குள்ள பழைய ஜும்மா பள்ளிவாசலில் கும்மட்டம் இல்லை. தமிழ்க் கோயில் மண்டபம் போலக் கருங்கல் தூண்களும் போதிகைகளும் தட்டையான கல்கூரையைத் தாங்குகின்றன. அண்மைக் கடல்தீவுகள் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும்.