தரங்கம்பாடி: ஒரு துறைமுகமும் ஒரு திருச்சபையும்

தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. ஆயினும் அதன் பேராயருக்கு வழங்கும் பட்டம் ‘தரங்கைப் பேராயர்’ என்பதே. திருச்சிராப்பள்ளிக்கும் தரங்கம்பாடிக் கடற்கரைக்கும் இடையே காவிரிச் சமவெளி முழுவதும் பரந்து கிடக்கிறது. மேற்கே பச்சைமலையின் அடிவாரம் வரை உள்ள உள்நாட்டு ஊர்களில் ஊழியம் செய்யும் குருமாரிலும் அவர்தம் சபையாரிலும் அந்தக் கடற்கரை ஊரை ஒருமுறையேனும் கண்டிராதவர் பலர். கப்பல்கள் வந்து தங்காத ஒரு பழந்துறைமுகத்தின் பெயரை உள்நாட்டுத் திருச்சபையொன்று இன்றும் தாங்கி நிற்பது ஏன்? அப்பெயருடன் நமக்குக் கிடைத்த சொத்து யாது? கடன் யாது? தரங்கம்பாடியின் வரலாற்றைத் தொடக்கமுதல் நோக்கினாலன்றி இவ்வினாக்களுக்கு விடை காண இயலாது.

1. அலைக்கரை ஊர்

தரங்கம் என்பது அலை. பாடி என்பது குடியிருப்பு. ‘அலைகள் பாடும் ஊர்’ என்று நயம்படப் பொருள் கூறுவோர் உண்டெனினும், அலைக்கரையில் அமைந்த ஊர் என்பதே சொல்லுக்கு இயைந்த பொருள். ஐரோப்பியர் வருமுன் இவ்வூர் சடங்கன்பாடி என்றும், பாண்டியர் ஆட்சியில் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் பெற்றிருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலை ஒட்டி நிற்கிறது. பட்டினம் என்ற பெயரே வணிகம் அங்கு வேரூன்றியிருந்ததைக் காட்டும். ஆகவே தரங்கம்பாடியை டேனியர் உண்டாக்கினர் என்பது பிழை. முன்னரே இருந்த ஊருக்கு அவர்கள் கோட்டை கட்டினர் என்பதே சரி.

இக்கோயிலின் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போயிற்று. வடக்கே சிறிது தொலைவில் உள்ள பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. இங்கிலாந்தின் கீழ்க்கரையில் டன்விச் என்னும் துறைமுகப்பட்டினம் ஒருகாலத்தில் பெரும் பட்டினமாக விளங்கியது. 1286-ஆம் ஆண்டில் தொடங்கிய கடும் புயல்கள் அதன் துறையைத் தூர்த்தன. நிலம் சிறிது சிறிதாகச் சரிந்தது. அதன் பழைய ஆலயங்களுள் ஒன்றான சகல பரிசுத்தவான்கள் ஆலயம் 1904 முதல் 1919 வரையான ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கடலில் விழுந்தது. கடல் கோயிலென்றும் ஆலயமென்றும் வேறுபாடு பாராட்டுவதில்லை. துறைமுகத்தின் வாழ்வு என்றும் இரவல் வாழ்வே. தீருப் பட்டினத்தைக் குறித்து எசேக்கியேல் தீர்க்கதரிசி பாடிய புலம்பலை வாசித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

2. கோட்டையும் கும்பினியும்

டேனியக் கிழக்கிந்தியக் கும்பினி 1616-இல் நான்காம் கிறிஸ்தியான் மன்னரின் ஆதரவில் நிறுவப்பட்டது. இலங்கையில் கண்டி அரசருடன் உடன்பாடு செய்யும் எண்ணத்துடன் ஓவே கெடே என்னும் தலைவரின் கீழ்க் கப்பல்கள் புறப்பட்டன. அந்த எண்ணம் கைகூடவில்லை. ஆயினும் தஞ்சை இரகுநாத நாயக்கர் அவர்களுக்கு இடமளித்தார். 1620 நவம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுக் குத்தகை செலுத்தும் நிபந்தனையுடன் தரங்கம்பாடி டேனியர் வசமாயிற்று. நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு விடுத்த பொன்னேட்டுக் கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது.

சோழமண்டலக் கரையின் பிற துறைகளைப் போலவே தரங்கம்பாடிக்கும் இயற்கையான ஒதுக்குத்துறை கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிடும். சரக்கும் மனிதரும் படகுகளில் ஏறி அலைகளைக் கடந்தே கரை சேர வேண்டும். உள்ளூர்ப் படகோட்டிகளின் தோள்வலியின்றி எந்த மன்னரின் கொடியும் அங்கே பறந்திராது. வரலாற்று நூல்கள் ஆளுநர்களின் பெயர்களைப் பட்டியலிடுகின்றன. அப்படகோட்டிகளின் பெயர்களை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

கும்பினியின் வாணிகம் விரைவில் நொடித்தது. 1643-க்குப் பின் 1669 வரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்னும் தலைவர் கோட்டையைத் தாமே காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1670-இல் இரண்டாம் கும்பினி தோன்றியது. டேனியர் தம் வழிபாட்டிற்கென 1701-இல் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். ஏறத்தாழ 80 ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தும், தமிழருக்குச் சுவிசேஷம் அறிவிக்க வேண்டும் என்ற எண்ணம் கும்பினியாருக்கு எழவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

3. வேண்டாத விருந்தினர்

1706 ஜூலை 9-ஆம் நாள் பர்த்தொலொமேயு சீகன்பால்க், என்றிக் புளுட்சோ என்னும் இருவர் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானியர் இவர்கள். மன்னர் அனுப்பியவர்களைக் கும்பினி விரும்பவில்லை. இவர்களுடைய முயற்சிக்குத் தடைசெய்யுமாறு ஆளுநர் ஹாசியுஸுக்கு இரகசியக் கட்டளை இருந்தது. அருட்பணியாளர் அந்நிய ஆட்சியின் கைக்கருவிகளே என்று சிலரும், அவர்களுக்கும் அவ்வாட்சிக்கும் யாதொரு தொடர்புமில்லை என்று வேறு சிலரும் எழுதுவதுண்டு. தரங்கம்பாடியின் வரலாறு இவ்விரு கூற்றுகளையும் மறுக்கிறது. அவர்கள் கும்பினியின் வழித்தடத்தில் வந்தனர், கும்பினியின் மதிலுக்குள் வாழ்ந்தனர், கும்பினியாலேயே துன்புறுத்தப்பட்டனர்.

1708 நவம்பரில் சீகன்பால்க் ஐயர் சிறையிலடைக்கப்பட்டார். நான்கு மாதம் டேன்ஸ்பர்க் கோட்டையில் இருந்தார். கடன் வழக்கொன்றில் நாவிதர் குலத்து ஏழை விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசியதே உடனடிக் காரணம். முதன்முதலில் 1707 மே 12-இல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் டேனியரின் வீட்டு அடிமைகள். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கினால், இத்திருச்சபையின் பிறப்பு துறைமுகத்தின் செல்வரிடையே அன்று, அதன் அடித்தட்டிலேயே நிகழ்ந்தது என்பது புலனாகும்.

அடுத்த பத்தாண்டுகளில் நடந்தேறிய பணி வியப்புக்குரியது. லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட அச்சுப்பொறியைச் சுமந்துவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரரால் பிடிக்கப்பட்டது. உடன் வந்த அச்சுத் தொழிலாளர் வழியிலேயே இறந்தார். அச்சுப்பொறி மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. மறு ஆண்டில் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கியமையால், சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. பொறையாற்றுப் பக்கத்தில் காகித ஆலையும் ஏற்பட்டது; கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகிறது. தமிழர் சமயத்தை ஆராய்ந்து சீகன்பால்க் ஐயர் 1713-இல் எழுதி முடித்த நூலை ஹாலேயார் அச்சிட மறுத்தனர். 1867-இல்தான் அது சென்னையில் வெளியாயிற்று. அனுப்பிய சபை கேட்க விரும்பாத செய்திகளையும் ஊழியன் எழுதவேண்டியிருக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கே மாதத்தில், 1719 பிப்ரவரி 23-இல், 36-ஆம் வயதில் சீகன்பால்க் ஐயர் மரித்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

4. ஆலயத்துக்குள் ஒரு மதில்

இதுவரை நாம் கூறியவை விழா நாட்களில் நம் மேடைகளில் முழங்குபவை. இனிக் கூறப்போவது அங்கே அதிகமாக ஒலிப்பதில்லை.

புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் அமைந்தது. அச்சிலுவையின் கரங்களுக்குள்ளே வெள்ளாளரும் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்தனர். ஊரின் மதிலைக் கோங்ஸ்பாக்கே கட்டினார். ஆலயத்துக்குள் இருந்த மதிலைக் கட்டியவர் யார்? ஊர் வழக்கம் உள்ளே நுழைந்தது. மிஷனெரிமார் அதனைப் பொறுத்துக்கொண்டனர்.

1733 டிசம்பர் 28-இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டாண்டுக் குரு இவரே. இது நாம் நன்றியுடன் நினைக்கத்தக்க நாள். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவர் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சேவகம் செய்தவர். கத்தோலிக்கராகப் பிறந்து, தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டை வாசித்துச் சுவிசேஷ சபையில் சேர்ந்தவர். ஐரோப்பிய மிஷனெரிமார் தஞ்சை நாட்டிற்குள் தாராளமாக நுழைய இயலாதிருந்த நாட்களில், அங்கே சபைகள் தோன்றுவதற்கு அவருடைய உழைப்பே பெருங்காரணமாயிற்று. ஆரோனுக்கு அடுத்த குருவைத் தெரிந்தெடுக்கும் வேளையில் அவர் பெயரும் ஆராயப்பட்டது. ஆனால் 1741-இல் பட்டம் பெற்றவர் தியோகு. இராஜநாயக்கன் ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க வெள்ளாளர் இணங்கமாட்டார் என்னும் அச்சம் முடிவைத் தீர்மானித்தது. அவர் 1771-இல் உபதேசியாராகவே மரித்தார்.

அக்கால மிஷனெரிமாரை இக்காலத்து நீதிமன்றத்தில் நிறுத்துவது எளிது. அவர்கள் சபை உடைந்துவிடும் என்று அஞ்சினர், அவ்வச்சம் காரணமற்றதன்று. 1833-இல் ஆங்கிலப் பேராயர் தானியேல் வில்சன் சாதிப் பாகுபாடு உடனே ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டபோது தஞ்சையில் சபை பிளவுண்டது; பிரிந்தவருள் ஒரு பகுதியார் பின்னர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தனர். எனினும் ஒற்றுமைக்காகச் செலுத்தப்பட்ட விலையை யார் செலுத்தினார் என்று கேட்க நமக்குக் கடமை உண்டு. அவ்விலையை இராஜநாயக்கன் செலுத்தினார். சபையோ அதற்குச் சமாதானம் என்று பெயரிட்டது.

5. துறைமுகத்தின் முடிவு

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தரங்கம்பாடி செழித்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதபோது நடுநிலைக் கொடியின் கீழ்ச் சென்ற டேனியக் கப்பல்களுக்கு இலாபம் பெருகியது. 1777-இல் ஊர் கும்பினியிடமிருந்து அரசரின் நேரடி ஆட்சிக்கு மாறியது. 1792-இல் எழுந்த நகர வாயில் இன்றும் நிற்கிறது. ஆனால் பிறர் போரினால் வந்த செல்வம் பிறர் போரினாலேயே போயிற்று. டென்மார்க் நெப்போலியன் பக்கம் சாய்ந்தபின், 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி வைத்திருந்தனர். திரும்பக் கிடைத்தபோது வாணிகம் இல்லை. 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கும்பினிக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகள் தஞ்சை மாவட்டத் தலைமையிடமாக இருந்தது. 1860-இல் அச்சிறப்பும் தஞ்சாவூருக்குச் சென்றது. 1861-62-இல் இருப்புப்பாதை நாகப்பட்டினத்தைத் தஞ்சாவூருடனும் திருச்சிராப்பள்ளியுடனும் இணைத்தபோது, சரக்குகள் தரங்கம்பாடியை மறந்தன.

ஆனால் சரக்குகளுக்கு முன்பே சுவிசேஷம் உள்நாட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சுவார்ட்ஸ் ஐயர் 1762-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். 1766-இல் கோட்டையில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. டேனிய–ஹாலே மிஷனின் பணியை 19-ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷன் ஏற்றது. 1919 ஜனவரி 14-இல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. 1956-இல் இராஜா மாணிக்கம் அதன் முதல் இந்தியப் பேராயரானார். துறைமுகம் இறந்தது, துறைமுகத்தின் பெயர் உள்நாட்டில் உயிர்வாழ்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆழிப்பேரலை தரங்கம்பாடியைத் தாக்கியது. மிகுதியாக மடிந்தவர் கரையோர மீனவக் குடும்பத்தார். டேனியரும் ஆங்கிலேயரும் வந்து போயினர். எந்நாளும் அங்கேயே இருந்தவர்களே அலையின் முன் நின்றனர்.

6. நமக்குரிய பாடம்

கும்பினியார் தேடிய மிளகும் துணியும் எங்கே சென்றன என்று இன்று யாரும் வினவுவதில்லை. அவர்கள் விரும்பாதிருந்த பள்ளியும், அச்சுக்கூடமும், சபையும் நிலைத்தன. ஆண்டவர் தமக்கென்று தனிக்கப்பல் கட்டாமல், பிறர் கப்பலிலேயே தம் ஊழியரை அனுப்பினார். இது நாம் பெற்ற சொத்து.

நாம் பெற்ற கடனும் உண்டு. துறைமுகம் என்பது வருவோரை இறக்கும் இடம். அதே வேளையில், யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் வாயிற்காவலும் அங்கே உண்டு. தரங்கைத் திருச்சபை இவ்விரண்டையும் சுதந்தரித்தது. அடிமைகளுக்கு ஞானஸ்நானம் தந்த சபையே இராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் தர அஞ்சியது. இறையியல் கல்லூரிகளில் பயிலும் மாணாக்கர் ஆரோனின் பட்ட நாளை அறிந்திருக்கிறார்கள். இராஜநாயக்கனின் பெயரை அறிந்தோர் சிலரே. சபைத் தேர்தல்களிலும், குருமாரை ஊர்களுக்கு அனுப்பும் ஒழுங்குகளிலும், கல்லறைத் தோட்டங்களிலுங்கூட அப்பழைய மதிலின் கற்கள் கிடக்கின்றன என்பதைக் குருமாராகிய நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக் காட்டவேண்டியதில்லை.

தரங்கம்பாடிக்கு யாத்திரை போகிறவர்கள் கோட்டையையும், நகர வாயிலையும், சீகன்பால்க் ஐயரின் கல்லறையையும் காண்கிறார்கள். அது நல்லதே. அடுத்த முறை செல்லும்போது, புதிய எருசலேம் ஆலயத்தினுள் நின்று, இராஜநாயக்கன் எந்தப் பகுதியில் அமர்ந்திருப்பார் என்று ஒரு கணம் எண்ணிப்பார்ப்போமாக. பின்னர் நம் ஊருக்குத் திரும்பி, நாம் நற்கருணை பரிமாறும் ஆலயத்தில் யார் எங்கே அமருகிறார்கள் என்று பார்ப்போமாக. கடல் அரித்த மதில்களைத் திரும்பக் கட்டுவது நம் வேலையன்று. கடலும் அரிக்காத மதிலைத் தகர்ப்பதே நம் வேலை.