திரையன் ஏரியும் கண்ணாடித் தொட்டியும்

வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் தென்னேரி, காஞ்சிபுரம் மாவட்டத்துப் பேரேரிகளுள் ஒன்று. பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனோடு இதனைத் தொடர்புபடுத்தி, 'திரையன் ஏரி' என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். ஏரிகளின் வரலாற்றை எழுதும்போது நாம் கரையையும் மதகையும் கலிங்கையும் பேசுகிறோம். கொடையளித்த மன்னனைப் பேசுகிறோம். நீருக்குள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழும் குடிகளை மட்டும் மறந்துவிடுகிறோம். விரால், குறவை, வாளை ஆகிய அவ்வேட்டை மீன்களையும், அவற்றை மனிதர் வீட்டுக்குள் கொணர்ந்த கதையையும் இங்குக் காண்போம்.

இம்மீன்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. 'வரால்' என்ற பழைய வடிவத்திலும் வாளை என்ற பெயரிலும் மருதத்திணைப் பாடல்களில் இவை மீண்டும் மீண்டும் வருகின்றன. குறுந்தொகையின் எட்டாம் பாடலில், வயலோர மாமரம் உதிர்க்கும் கனியைக் கவ்வும் வாளையை ஆலங்குடி வங்கனார் காட்டுகிறார். துரத்திப் பிடிக்காமல், தன்னை நோக்கி வருவதற்காகக் காத்திருந்து கவ்வுவதும் வேட்டை மீனின் ஒரு முறையே. இன்று தொட்டியில் இத்தகைய மீன்களை வளர்ப்பவர் மணிக்கணக்கில் கண்டு மகிழ்வதும் அந்தக் காத்திருப்பைத்தான்.

நீரில் எதை விடலாம், எதை எடுக்கலாம் என்பது அன்று தனிமனிதரின் விருப்பத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிப்பதை நாம் அறிவோம். அம்முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'பாசிப்பாட்டம்' என்னும் சொல்லை மீன்பிடி உரிமைக்கான வருவாய் என ஆய்வாளர் கொள்வர். 'மீன்பாசிக் குத்தகை' என்ற வழக்கு இன்றும் நம் ஊர்களில் உயிரோடிருக்கிறது. ஏரியின் மீன் ஊரின் உடைமை என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது.

இம்மீன்கள் ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்று தரங்கம்பாடி. அங்கிருந்த மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், கடல்மீனும் நன்னீர் மீனுமாகத் திரட்டிப் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலீசர் பிளாக்கிடம் அனுப்பிவைத்தார். இந்திய மண்ணை மிதித்திராத பிளாக், 1793இல் விராலுக்கும் புள்ளிக் குறவைக்கும் அறிவியல் பெயர் சூட்டினார். ஜானின் நினைவாகக் கடல்மீன் இனமொன்றுக்கு 'ஜானியஸ்' என்றும் பெயரிட்டார். அதே தரங்கம்பாடியில் பணியாற்றிய டேனியரான டால்டார்ஃப், 1791இல் பனைமரத்தில் ஏறிய மீனொன்றைத் தாம் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தை எட்டியது. அம்மீனைப் பனையேறிக் கெண்டை என்கிறோம். அது உண்மையில் மரம் ஏறுமா என்பதைப் பின்வந்தோர் ஐயுற்றனர். ஈரத்தரையில் ஊர்ந்து செல்லும் என்பதில் ஐயமில்லை.

சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஃபிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியான தம் 'இந்திய மீன்கள்' நூலில் இவ்வினங்களை விரிவாக வகைப்படுத்தினார். விராலுக்கும் குறவைக்கும் செவுளின் மேற்புறம் காற்றை ஏற்கும் அறை உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உட்கொள்ள இயலாதவாறு தடுத்தால், மீனாயிருந்தும் அவை நீரிலேயே மூச்சடைத்து இறந்துபோகும். கோடையில் ஏரி வற்றும்போது சேற்றுக்குள் பதுங்கி உயிர் பிழைப்பதும் இதனால்தான்.

இதற்கிடையே ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டி பிறந்துவிட்டது. நீர்த்தாவரமும் நத்தையும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்பதை ராபர்ட் வாரிங்டன் 1850இல் விளக்கினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்மனை திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் எழுந்த மீன்காட்சியகம் 1909இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. அரசு நடத்திய காட்சி பின்னர் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. சென்னைக் கொளத்தூர் இன்று வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் நாடறிந்த பெயர்.

இங்குதான் கதை திரும்புகிறது. வண்ணமீன்களில் சலிப்புற்ற ஆர்வலர் அரிய வேட்டை மீன்களை நாடுகிறார். அமேசானின் செவ்வால் கெளுத்தி, அரபைமா, வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீன் ஆகியவை விரல் நீளக் குஞ்சுகளாக விற்கப்படுகின்றன. இவற்றுள் முதலாவது ஒரு மீட்டரைத் தாண்டும். மற்ற இரண்டும் இரண்டு மீட்டரையும் தாண்டக்கூடியவை. எந்த வீட்டுத் தொட்டியும் அவற்றுக்குப் போதாது. கொல்ல மனமின்றி ஏரியில் விடுவதைக் கருணை என்று பலர் எண்ணுகின்றனர். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரபைமாவும் முதலைமூக்கு மீனும் பிடிபட்டன. 2023இல் ஸ்ரீநகரின் தால் ஏரியிலும் முதலைமூக்கு மீன் சிக்கியது. உணவுக்காகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியோ, 2000ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்ட பின்னரும் நம் நீர்நிலைகளை விட்டு அகலவில்லை.

இக்கதையின் மறுபக்கமும் உண்டு. நம் விராலின் சீன உறவினம் ஒன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கிராஃப்டன் குளத்தில் பெருகியது. உணவுக்காக உயிரோடு வாங்கப்பட்டு, பின்னர்க் குளத்தில் விடப்பட்ட இரண்டு மீன்களே காரணம். குளத்துக்கு நஞ்சிட்டு அவற்றை ஒழித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் விரால் இனம் முழுவதையும் அந்நாடு தீங்குயிர் என அறிவித்து இறக்குமதியைத் தடுத்தது. தென்னேரியில் இயல்பான குடியாயிருக்கும் மீன் அங்கே குற்றவாளி. தீமை மீனிடத்தில் இல்லை. இடம் மாற்றிய கையில் இருக்கிறது.

எனில், வேட்டை மீன் வளர்க்க விழைவோர் என் செய்வது? அசாமின் சன்னா பார்காவுக்கு அயல்நாட்டார் பெரும்பொருள் தருகின்றனர். நம் வயல்வாய்க்காலின் சிறு குறவையை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. செம்மஞ்சள் விளிம்புத் துடுப்புகள் கொண்ட அவ்வினத்தில், முட்டைகளையும் குஞ்சுகளையும் தந்தை மீனே வாயில் வைத்துக் காக்கிறது. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டி ஓர் இணைக்குப் போதும். நீரோட்டம் மெல்லியதாக இருக்கட்டும். மிதக்கும் தாவரமும், ஒளிந்துகொள்ள மண்குழாயும் வேண்டும். குறவை துள்ளும், ஆகவே இறுக்கமான மூடி இன்றியமையாதது. ஆயினும், நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே காற்றுக்குச் சில விரற்கடை இடம் விடவேண்டும். மண்புழுவும் இறாலும் உணவாகும். வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் உடன் விடலாகாது. முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரை நெருங்கக்கூடிய விராலை ஏரிக்கே விட்டுவிடுவது நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: தொட்டிக்குள் வந்த மீன் மீண்டும் ஏரிக்குப் போகலாகாது. உள்ளூர் மீனாயினும் நோயைச் சுமந்து செல்லக்கூடும். வளர்க்க இயலாதபோது கடைக்காரரிடமோ வேறோர் ஆர்வலரிடமோ ஒப்படைப்பதே முறை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரியைக் காக்க ஊர் கூடி வாரியம் அமைத்தது. இன்று ஒரு நெகிழிப் பையோடு கரையில் நிற்கும் தனிமனிதர், எவரையும் கேளாமல், அந்த ஏரியின் தலையெழுத்தை ஒரு நொடியில் மாற்றிவிட முடிகிறது. மீன் வளர்க்கும் ஒவ்வொருவரும் தம்மை ஏரி வாரியத்தின் உறுப்பினராகவே கருதிக்கொள்ள வேண்டிய காலம் இது.